ஒன்பது நாள் முந்தி

செப்டம்பர் பதினொன்று, ராத்திரி.
நாய் குரைக்கவில்லை; தெரிந்த கால்.
பின்கதவில் என் மைத்துனன் ஜுராசி,
தோளில் சாக்கு,
சாக்குக்குள் பொற்புல்.

இருபதாம் தேதிக்கு முன்னால்
ஒரு தாளும் பிடுங்கக் கூடாது.
ஜலப்பாவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.
சட்டம் பிற்பாடுதான் வந்தது.
முதலில் சொன்னது புல்:
பழுத்ததை இழுத்தால் தாள் மட்டும் வரும்,
பழுக்காததை இழுத்தால்
வேரும் கூடவே வரும்.

விளக்கைத் தாழ்த்தினேன்.
சாக்கின் அடியில் ஈரமண்.
வெள்ளை வேர்கள்,
பூனைக்குட்டியின் மீசை அளவு.

பிரசீலியாவில் ஒரு கல்யாணம்.
தோழிகள் பதினான்கு பேருக்குக் காதணி,
மணப்பெண்ணுக்கு மட்டும் பெரிய வளையம்,
தோளைத் தொட வேண்டுமாம்.
முன்பணம் ஃப்ரிட்ஜாகிவிட்டது.
மூலையில் நின்று உறுமுகிறது
வட்டிக்காரனைப் போல.
போன வருஷத்துப் புல்லில் மிச்சம்
வளையம் போக ஆறு ஜோடிக்குத்தான் வரும்.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
எண்ண எண்ணக் கூடுவதற்கு
புல் என்ன கடனா?

பாதிச் சாக்கு வாங்கிக்கொண்டேன்.
ஏன் பாதி என்று கேட்காதீர்கள்.
முழுசும் வாங்கினால் திருட்டு,
பாதி வாங்கினால் அவசரம்.
அன்றைக்கு அப்படித்தான் இருந்தது கணக்கு.

புரிச்சிப் பனையின் குருத்தில் உரித்த நாரை
ஊசியில் கோத்து,
தாள்களைச் சுருட்டி,
ஒரு சுற்றின் முதுகை
அடுத்த சுற்றின் வயிற்றோடு சேர்த்துத் தைப்பேன்.
தையலுக்கும் தையலுக்கும் நடுவே ஒரு அரிசி இடம்.
பழுத்த புல் கைக்குள் பேசும்,
கிர் என்று, ரகசியமாக.
இது பேசவில்லை. வளைத்த இடத்தில் மடிந்தது.
"காய்ந்தால் நிறம் வந்துவிடும்" என்றான் ஜுராசி.
காய்ந்தது.
வந்தது வைக்கோலின் சித்தப்பா மகன்.

அதைப் பின்பக்கம் வைத்துத் தைத்தேன்,
கழுத்தை ஒட்டும் பக்கம்.
முன்னால் பழசு, மினுமினுவென்று.
காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது வேலை.
மணப்பெண்ணின் வளையத்தில் மட்டும்
ஒரு தாள் கலக்கவில்லை.
அதுவும் நேர்மை என்றால், நேர்மை.

போட்டோ அனுப்பினாள். எல்லாரும் சிரிக்கிறார்கள்.
"காதில் இருப்பதே தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.
ஜோடி மூன்று கிராம்.
எடை போட்டுப் பார்த்தவள் நான்.

இருபதாம் தேதி
ஊரே சதுப்புவெளிக்குப் போனோம்.
பறித்த தாளின் தலைப்பூவைக் கத்தரித்து
அங்கேயே உதிர்த்துவிட வேண்டும்.
லுசிவானியாவுக்குப் பல்வலி,
ஆனாலும் எல்லாரையும் விட வேகமாகப் பறித்தாள்.
என் இடுப்பில் ஒரு தகர டப்பா;
அதில் அந்தப் பாதிச் சாக்கின் தலைகள்.
கசக்கிப் பார்த்தேன்.
நல்ல பூவில் விதை தூசியாய்க் கொட்டும்,
ரேகைக்குள் புகுந்துகொண்டு
கை கழுவினாலும் போகாது.
இதில் உமி.
உமிகூட இல்லை, உமியின் பொய்.

இருந்தும் தூவினேன்.
பத்துக் கைகள் தூவும்போது
நான் மட்டும் மூடியைத் திறக்காமல் நிற்க முடியுமா?
காற்று பேதம் பார்க்காமல் வாங்கிக்கொண்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஜுராசி,
இன்றைக்குச் சட்டப்படி குனிந்திருந்தான்.
நிமிர்ந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினான்.
நானும் கை காட்டினேன்.

அவன் எங்கே பிடுங்கினான் என்று எனக்குத் தெரியும்,
ஒற்றைப் புரிச்சிக்கு மேற்கே.
எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் போனேன்.
கோழி கிளறிய மாதிரி குழிகள்,
குழிக்குள் தண்ணீர்,
தண்ணீருக்குள் காதணி அளவு வெயில்.
எண்ண ஆரம்பித்து, விட்டுவிட்டேன்.
மடியில் இருந்த நல்ல விதை ஒரு பிடி.
அதை அங்கே போட்டேன்.
முளைக்கும் என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து
ஃப்ரிட்ஜைத் திறந்து
தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.
சில்லென்று,
நன்றாகத்தான் இருந்தது.